கெடாத போன்

அரை மணி நேரமாகக் கடல்தண்ணீர் வாளிக்குள் கிடந்த புதுப் போனைக் கலோலோ வெளியே எடுத்தார். இந்நேரம் உயிர் போயிருக்கும் என்ற நம்பிக்கையோடு ஒருமுறை உதறினார். போன் மணியடித்தது.

பதற்றத்தில் விரல் எங்கோ பட்டுவிட்டது. ஆக்லாந்தில் இருக்கும் மகள் லூசியா, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்ப்பவள்போலத் திரையில் வந்து நின்றாள்.

"அப்பா! படம் எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தீங்களா? உங்க மூக்கு மேல இருக்கற மச்சம்கூடத் தெரியுது!"

"தெரியுது, தெரியுது," என்றார் கலோலோ, வாளியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளியபடி.

"கையெல்லாம் ஏன் ஈரம்? சட்டைலயும் சொட்டுது?"

"மழைம்மா."

"பின்னாடி வெயில் கொளுத்துதே?"

"இப்பதான் விட்டுச்சு. நம்ம சவாய் தீவுல மழை அப்படித்தானே பெய்யும்? ஊரை விட்டுப் போனதும் எல்லாம் மறந்துட்டியா?"

லூசியா சிரித்தாள். "பெய்யட்டும், பெய்யட்டும். இந்தப் போனுக்கு ஒண்ணும் ஆகாது. தண்ணிக்குள்ளயே போட்டாலும் கெடாதுன்னு கடைக்காரர் அடிச்சுச் சொன்னார். நீங்க படகுத்துறையில வேலை பாக்கறீங்களேன்னு இதைத் தேடி வாங்கினேன். ரெண்டு மாசமா சனிக்கிழமைகூட லீவு எடுக்கலப்பா."

கலோலோவுக்கு வாளி இருந்த திசையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? பழசே ஓடிட்டுதானே இருந்துச்சு?"

"எங்க ஓடிச்சு? மூணு வருஷமா என் முகத்தைப் பாக்க மரேட்டா ஆன்ட்டி வீட்டுக்கு நடந்துட்டு இருந்தீங்க. நன்றி சொல்றதுன்னா அவங்களுக்கே சொல்லுங்க. 'உங்க அப்பாவுக்குன்னு தனியா ஒரு போன் அனுப்பு, அனுப்பு'ன்னு ரெண்டு மாசமா அவங்கதான் என்னை விடல."

"யாரு? மரேட்டாவா?"

"ஆமா."

"ஏனாம்?"

"அது அவங்களைத்தான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று லூசியா மறைந்துபோனாள்.

கலோலோ கட்டிலில் உட்கார்ந்தார். போன் நனைந்ததைவிட மோசமாக அவர் நனைந்திருந்தார்.

கலோலோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சலெலோலோங்கா படகுத்துறையில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர். மனைவி இறந்து ஒன்பது வருடம். அதற்கடுத்த வருடம் லூசியா நியூசிலாந்துக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது தன்னுடைய போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்து வருடம் அது சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு ஒருநாள் மாலை, 'இந்தச் செயலி இனி உங்கள் போனில் இயங்காது' என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு, லூசியாவின் முகத்தைக் காட்ட மறுத்துவிட்டது. மறுநாள் அவர் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை, படகுப் பயணிகளுக்குத் தேங்காய்ப்பால் பன் விற்கும் மரேட்டா பார்த்துவிட்டாள்.

"என்ன கலோலோ, டிக்கெட் குடுக்கறதுக்குக்கூடவா அழுவாங்க?"

அவர் விஷயத்தைச் சொன்னார். மரேட்டா கூடையை இறக்கி வைத்தாள்.

"இதுக்கா? என் போன்ல பேசுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வாங்க."

நியூசிலாந்தின் வெலிங்டனில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பி, அண்ணன் நிலத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு தனியாக இருப்பவள் மரேட்டா. அவள் வீட்டுக்கும் கலோலோவின் வீட்டுக்கும் பத்து நிமிட நடை. அன்று மாலை நடந்தார். மறுநாளும் நடந்தார். அப்புறம் நிற்கவே இல்லை.

லூசியாவுடன் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் மாலைப் பிரார்த்தனைக்கு எல்லோரும் வீடு திரும்ப வேண்டும் என்று ஊரில் சங்கு ஊதுவது ஆறு மணிக்குத்தான். நடுவில் ஐம்பது நிமிடம் இருந்தது. மரேட்டா சூடாகக் கோக்கோ ஊற்றுவாள். விற்காமல் மிஞ்சியது என்று சொல்லி ஒரு பன் வைப்பாள். ஒவ்வொரு நாளும் சரியாக ஒரு பன் எப்படி மிஞ்சுகிறது என்று கலோலோ யோசித்ததில்லை. பன்றியை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தவர்கள், படகு கிளம்பிய பிறகு ஓடிவந்து திட்டியவர்கள் என்று துறையில் நடந்ததையெல்லாம் அவர் சொல்ல, அவள் பாயில் கையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். அந்தத் தீவு வழக்கப்படி தூண்கள் மட்டுமே நிற்கும், சுவரே இல்லாத வீடு என்பதால் அந்தச் சிரிப்பு தெருவுக்கே கேட்கும். சங்கு ஊதியதும் அவர் எழுந்துகொள்வார். திரும்பி நடக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் எப்படியோ இருபது நிமிடமாக நீளும்.

மூன்று வருடத்தில் அவர் அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

போன வியாழக்கிழமை இந்தப் புதுப் போன் வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, பூப்போட்ட சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, கையில் பெட்டியோடு மரேட்டாவின் வீட்டுக்குப் போனார்.

"இதை எப்படி ஓட்டறதுன்னே தெரியல மரேட்டா. கத்துக்க மூணு நாலு மாசம் ஆகும்போல."

மரேட்டா பெட்டியை வாங்கினாள். பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டாள். எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று காட்டினாள். எட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

"அவ்வளவுதான். வேற ஏதாவது இருக்கா?"

"வேற ஒண்ணும் இல்ல," என்றார் கலோலோ.

"ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

அன்றைக்குப் பன் மிஞ்சவில்லை.

போன் இருந்தால் அங்கே போகக் காரணம் இல்லை, அதனால் போன் இருக்கக் கூடாது என்ற முடிவுக்குச் சனிக்கிழமை காலையில் வந்து, கடலில் ஒரு வாளி தண்ணீர் மொண்டுவந்தார். அந்த முயற்சியின் கதிதான் இப்படி ஆயிற்று. இப்போது அதைவிடப் பெரிய இடி. மரேட்டாவே கேட்டு வரவழைத்த போனாம். இரண்டு மாதமாகக் கேட்டாளாம். 'தினமும் இந்த மனுஷன் வந்து உக்காந்துடறார், எப்படியாவது என்னைக் காப்பாத்து' என்று அவள் லூசியாவிடம் கெஞ்சுவதைக் கற்பனை செய்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மரேட்டா அவரைப் பார்த்துத் தலையசைத்தபோது, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் பாடினார்.

ஆனாலும் திங்கட்கிழமை மனசு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சந்தை ஓரத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் டோமசியிடம் போனார்.

"டோமசி, இதுல வீடியோ மட்டும் வராம பண்ண முடியுமா?"

டோமசி கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினான். "மாமா, பதினோரு வருஷமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன். எல்லாரும் வர வைக்கத்தான் வருவாங்க. வராம பண்ணச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்."

"சரி, அப்ப இந்தப் பழசையே நல்லாக்கிக் குடு. புதுசைத் திருப்பி அனுப்பிடறேன்." கலோலோ சட்டைப் பையிலிருந்து பழைய போனையும் எடுத்து வைத்தார்.

டோமசி அதைப் புரட்டிப் பார்த்தான். "பேட்டரி உப்பியிருக்கு. அதை மாத்திடலாம். ஆனா நீங்க நினைக்கறது நடக்காது."

"ஏன்? விழல, உடையல. வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதானே இருக்கு?"

"அதான் மாமா சிக்கலே. இது அப்படியே இருக்கு, மத்ததெல்லாம் தாண்டிப் போயிடுச்சு. செஞ்ச கம்பெனி அஞ்சாறு வருஷம் அப்டேட் அனுப்பும், அப்புறம் கையைக் கழுவிடும். ஆப் செய்யறவங்க புதுப் போனை மனசுல வெச்சுத்தான் செய்வாங்க. பாதுகாப்பு இல்லன்னு பேங்க் ஆப்பும் உள்ள விடாது. ஸ்கிரீன் போனா உதிரி கிடைக்காது. கடைசில டவர்காரனும் பழைய சிக்னலை நிறுத்திடுவான். போன் மேல ஒரு தப்பும் கிடையாது. அதுகூடப் பேச ஆள் இல்லாம போயிடும், அவ்வளவுதான்."

கலோலோ அந்தப் பழைய போனைத் திரும்ப எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். டோமசி தன்னைப் பற்றித்தான் பேசுகிறானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

"அப்ப இதைத் தூக்கிப் போட்டுடணுமா?"

"எதுக்கு வேணும்ங்கறதைப் பொறுத்தது. குரல் கேட்டாப் போதும்னா பேட்டரி மாத்தினா ரெண்டு வருஷம் ஓடும். முகம் பாக்கணும்னா மாத்தித்தான் ஆகணும்."

"யார் முகம்?" என்று சட்டென்று கேட்டார் கலோலோ.

"உங்க மக முகம்தான். வேற யார் முகம்?"

"ஆமா, ஆமா. மக முகம்தான்."

டோமசிக்குப் பாவமாக இருந்தது. மனிதர் புதுப் போனைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். அதைக் கையில் வாங்கி ஏதேதோ தட்டினான்.

"இந்தாங்க. இனி நீங்க எதையும் தொட வேண்டாம். யார் கூப்பிடறாங்கன்னு அதுவே சத்தமாச் சொல்லும், அதுவே எடுத்துக்கும். பெரியவங்களுக்குன்னு இருக்கற வசதி."

ரயில் பாலம் கட்டிக் கொடுத்தவன்போல அவன் சிரித்ததால், கலோலோவால் மறுக்க முடியவில்லை.

அன்று ஐந்து மணிக்கு மரேட்டாவின் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"என்னத்தைச் சொல்ல மரேட்டா. என் வீட்டுல சிக்னலே எடுக்க மாட்டேங்குது. உங்க வீட்டுக்கு வந்தாத்தான் லூசியாகூடப் பேச முடியும்போல."

"உங்க வீட்டுக்குப் பின்னாடிதானே டவரே நிக்குது?"

"அதான். ரொம்பப் பக்கத்துல இருந்தா தலைக்கு மேலயே தாண்டிப் போயிடுமாம்."

"அப்படியா? யார் சொன்னா?"

அவர் வாயைத் திறப்பதற்குள், அவருடைய சட்டைப் பை ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது: "லூசியா அழைக்கிறார். லூசியா அழைக்கிறார்." அடுத்த நொடி பைக்குள்ளிருந்து லூசியாவின் குரல் வந்தது.

"அப்பா? என்ன ஒரே இருட்டா இருக்கு? நேத்து ராத்திரி உங்க வீட்டுல பேசும்போது நல்லாத் தெரிஞ்சுதே!"

கலோலோ பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். உள்ளே லூசியா, "அப்பா, மூச்சு முட்டுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது மரேட்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. களைப்பாகப் பார்த்தாள்.

"கலோலோ, இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"போன்..."

"போனை விடுங்க. வேற எதுக்கு?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. காது ஓரத்தில் அவள் செருகியிருந்த வெள்ளைப் பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை நேராக வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக அவர் விரல்கள் துடித்திருக்கின்றன. வாய்வரைக்கும் வந்த வார்த்தை, 'ரெண்டு மாசமா கேட்டாங்க' என்ற லூசியாவின் பேச்சு நினைவுக்கு வந்ததும் அப்படியே உள்ளே போய்விட்டது.

"வேற... வேற எதுவும் இல்ல மரேட்டா."

சங்கு ஊதியது. இவ்வளவு சீக்கிரம் அது ஒருநாளும் ஊதியதில்லை என்று அவருக்குப் பட்டது.

இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்ததில், செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு திட்டம் பிறந்திருந்தது. புதுப் போனை மரேட்டாவுக்கே கொடுத்துவிடுவது. கொடுத்தால் மரியாதைக்கு மரியாதை. போன் அவள் வீட்டில் இருந்தால், மகளுடன் பேச அங்கேதான் போயாக வேண்டும். லூசியாவின் உழைப்பும் வீணாகாது. இந்தத் திட்டத்தில் ஓட்டை எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாலையில் போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைச் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். டோமசி செய்துவைத்த அறிவிப்பைக்கூட அவனிடமே கொடுத்து எடுத்தாகிவிட்டது.

"இது உங்களுக்கு."

மரேட்டா கையை மேல்துணியில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். பிரித்துப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைக் கலோலோ பார்த்தார். அப்படி ஒரு மலர்ச்சியை அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

"எனக்கா? எனக்குன்னே கொண்டுவந்தீங்களா?"

அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.

"ஆமா. உங்க போனும் பழசாயிட்டே வருதுல்ல? இது இங்க இருந்துச்சுன்னா, நான் எப்பவும்போல அஞ்சு மணிக்கு வந்து லூசியாகிட்டப் பேசிட்டுப் போயிடுவேன்."

மலர்ந்த முகம் பூட்டிக்கொண்டது. மரேட்டா எழுந்து உள்பக்கம் போனாள். தன்னுடைய போனோடு திரும்பி வந்தாள். மூலையில் மாவு ஒட்டியிருந்த அதைத் துணியால் நிதானமாகத் துடைத்து, அவர் முன்னால் பாயில் வைத்தாள்.

"சும்மா வாங்கிக்கற பழக்கம் நம்ம ஊர்ல இல்லையே கலோலோ. இதை நீங்க எடுத்துக்கங்க. என்கிட்ட உங்க நம்பர் இருக்கட்டும், உங்ககிட்ட என் நம்பர் இருக்கட்டும். லூசியாவுக்கு இந்த நம்பர்தான் மூணு வருஷமாப் பழக்கம். உங்க வீட்டுலயே சாஞ்சு உக்காந்து பேசுங்க. இனிமே இவ்வளவு தூரம் நடக்க வேண்டாம்."

"நடக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல மரேட்டா. டாக்டர்கூட நடக்கச் சொல்லியிருக்கார்."

"கடற்கரைப் பக்கமா நடங்க. காத்து நல்லா வரும்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சங்கு ஊத இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. அவ்வளவு நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், தெருமுனையில் நின்று கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குப் போய், அந்தப் போனில் லூசியாவைக் கூப்பிட்டால் நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியிருக்குமே என்று கூப்பிடாமலே படுத்துவிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிப் படகுக்கு மரேட்டா பன் கூடையோடு வரவில்லை.

"இன்னைக்கு பன் இல்லையா?" என்று வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் கலோலோவிடம்தான் கேட்டார்கள். அவர்தான் சுடுகிறவர்போல.

"இல்ல," என்றார் முதலில் கேட்டவரிடம். "இல்லங்க," என்றார் இரண்டாவது ஆளிடம். பாயும் மூட்டையுமாகத் தனியாக நின்று மூன்றாவதாகக் கேட்ட அம்மாளுக்கு, படகில் ஏற்றும் லாரிக்கான டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, நான் குண்டுதான், ஒத்துக்கறேன். அதுக்காக லாரி டிக்கெட்டா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கலோலோவும் சிரிக்கப் பார்த்தார். இதை ஐந்து மணிக்குச் சொன்னால் மரேட்டா எப்படிக் கையைத் தட்டிச் சிரிப்பாள் என்று நினைத்ததும், சிரிப்பு வராமல் நின்றுவிட்டது. இனி இதை யாரிடம் சொல்வது?

ஆட்கள் ஏறி முடித்து வரிசை கலைந்தது. மேசைமேல் மரேட்டாவின் போன் கிடந்தது. துடைத்தும் போகாமல் ஓரத்தில் கொஞ்சம் மாவு இருந்தது. தேங்காய்ப்பால் வாசனைகூட வருவதுபோல இருந்தது. இதுவும் இரண்டு மூன்று வருடத்தில் எதையாவது காட்ட மறுத்துவிடும். அப்போது டோமசி இதற்கும் அதே விளக்கத்தைச் சொல்வான். சொல்லட்டும். இதை மாற்றுவதில்லை என்று அந்த நிமிடமே கலோலோ முடிவுசெய்தார்.

போன் அடித்தது. லூசியா. வீடியோ இல்லை, வெறும் குரல் அழைப்பு. வழக்கமாக அவள் கூப்பிடும் நேரமும் இல்லை. என்னவோ ஏதோவென்று அவசரமாக எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்ல வாயைத் திறந்தபோது, துறையை விட்டு நகர்ந்த படகு நீளமாக ஊதி அவர் குரலை விழுங்கிவிட்டது.

"ஆன்ட்டி, நான்தான்," என்றாள் லூசியா. "'சாக்குச் சொல்ல வழியில்லாம உங்க அப்பாவுக்கு ஒரு நல்ல போனை அனுப்பு, அப்பவும் என்னைப் பாக்கறதுக்குன்னே வர்றாரான்னு தெரிஞ்சுக்கணும்'னு ரெண்டு மாசமா சொன்னீங்களே, நேத்தாவது எங்க அப்பா சும்மா வந்தாரா?"